மணியோசைக்கு யார் பெயர் வைப்பது?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

நம் பள்ளியில் படித்து, இப்போது மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கும் ஒருவன் போன மாதம் வீட்டுக்கு வந்தான். பழைய மாணவர் சந்திப்பில் முதல் பாட்டு தொடங்கும் முன் நம் பள்ளி மணியோசை கேட்க வேண்டுமாம். "அதை கீபோர்டுக்குள்ளயே ஏத்திடலாம் டீச்சர்" என்றான். அது மணியில்லை, வேப்பமரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டு என்பது உங்களுக்கு நினைவிருக்கும். அதை அந்தக் காலத்தில் அடித்தவரையே கூப்பிட்டோம். வயதாகிவிட்டது, ஆனாலும் வந்து, அதே கை வாகில் ஒரு அடி அடித்தார். மைக் பிடித்துப் பதிந்துகொண்டான்.

அவனுடையது கோர்க் டிரைட்டன் என்ற ஜப்பான் கீபோர்டு, 1999இல் வந்தது. ஒலிகள், தாளம், பாட்டைப் பதிந்து அடுக்கும் வசதி எல்லாம் ஒரே பெட்டியில் இருப்பதால் இந்த வகையை 'ஒர்க்ஸ்டேஷன்' என்கிறார்கள். வெளியிலிருந்து ஓர் ஓசையைப் பதிந்து வாசிக்கக் கொடுப்பதுதான் சாம்பிளிங். மைக்கில் வரும் ஓசையை இயந்திரம் விநாடிக்கு 48,000 முறை அளந்து எண்களாக எழுதிக்கொள்கிறது. பிறகு எந்தக் கட்டையை அழுத்தினாலும் அந்த எண்களைப் படித்து ஓசையாக்குகிறது. மேல் ஸ்தாயிக் கட்டையை அழுத்தினால் இரண்டு மடங்கு வேகத்தில் படிக்கும். அதனால் சுருதி ஏறும், நேரம் பாதியாகும். நம் தண்டவாளம் மேலே போகப் போக சைக்கிள் மணி ஆகிவிட்டது! கீழே போனால் கோயில் கண்டாமணி. ஒரே ஓசையை எல்லாக் கட்டைக்கும் நீட்டினால் இப்படித்தான் குரல் மாறிவிடும் என்பதால், நல்ல பியானோ ஒலி வேண்டுமானால் பல சுரங்களைத் தனித்தனியே பதிந்து அடுத்தடுத்த கட்டைகளுக்குப் பங்கிடுகிறார்கள்.

இந்த யோசனை கம்ப்யூட்டருக்கு முந்தியது. 1963இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் மெல்லோட்ரான் என்ற கருவி வந்தது. உள்ளே ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு காந்த நாடா. கட்டையை அழுத்தினால் அந்த நாடா ஓடும். புல்லாங்குழலோ வயலினோ சுமார் 8 விநாடி ஒலிக்கும். விரலை எடுத்தால் நாடா பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். பீட்டில்ஸ் குழுவின் 'ஸ்ட்ராபெர்ரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' பாட்டின் (1967) தொடக்கத்தில் வரும் குழலோசை இதில் வாசித்ததே. ஒரு பெட்டி பல கலைஞர்களின் வேலையைப் பறித்துவிடுமோ என்று அங்கே இசைக்கலைஞர் சங்கம் அப்போதே கவலைப்பட்டது.

1979இல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் பீட்டர் வோகல், கிம் ரைரி என்ற இருவர் ஃபேர்லைட் சி.எம்.ஐ. என்ற கருவியைக் கொண்டுவந்தார்கள். நாடா போய் எண்கள் வந்தன. சிட்னி துறைமுகத்தில் ஓடிய ஒரு படகின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். ஒரே நேரத்தில் எட்டு ஒலிகள். ஒவ்வொன்றுக்கும் 16 கிலோபைட் நினைவகம். ஏறக்குறைய ஒரு விநாடிக்குத்தான் அது போதும். விலையோ சுமார் 18,000 பவுண்டு. பெரிய பாடகர்கள் மட்டுமே வாங்க முடிந்தது. கேட் புஷ் என்ற பாடகி 1980இல் ஒரு பாட்டில் கண்ணாடி உடையும் ஓசையை இதைக் கொண்டே சேர்த்தார்.

பிறகு விலை மளமளவென்று இறங்கியது. அமெரிக்காவின் என்சோனிக் நிறுவனம் தன் மிராஜ் கருவியை 1,700 டாலருக்கும் குறைவாக விற்றது. 1986 வாக்கில் குழந்தைகள் விளையாடும் அளவுக்குச் சின்னதான கேசியோ எஸ்.கே.1 வந்தது, அதிலும் 1.4 விநாடி பதியலாம். 1988இல் வந்த கோர்க் எம்1 உலகமெங்கும் புகழ்பெற்ற ஒர்க்ஸ்டேஷன். ஆனால் அதில் நிறுவனம் பதிந்து கொடுத்த ஒலிகளைத்தான் வாசிக்க முடியும். நாமாக எதையும் பதிய முடியாது. டிரைட்டனில் அந்தக் கதவும் திறந்தது.

கதவு திறந்தால் நல்லதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். இன்னொரு கதையும் கேளுங்கள். அமெரிக்காவில் தி வின்ஸ்டன்ஸ் என்ற குழு 1969இல் 'ஆமென், பிரதர்' என்ற இசைத்தட்டுப் பாட்டை வெளியிட்டது. நடுவில் கிரெகரி கோல்மன் என்பவர் தனியாக டிரம்ஸ் வாசிப்பார். நான்கே ஆவர்த்தனம், ஏழு விநாடி அளவு. 1980களில் சாம்பிளர்கள் மலிவானபோது இளைஞர்கள் அந்தத் துண்டை எடுத்துத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் புதுப்பாட்டுகள் செய்தார்கள். இன்று ஆயிரக்கணக்கான பாட்டுகளில் அது இருக்கிறது. அதைக் கொண்டே தனி இசை வகைகள் பிறந்தன. கோல்மனுக்கு அதற்காக ஒரு காசும் வரவில்லை. 2006இல் வீடில்லாமல் வறுமையில் இறந்தார். குழுவின் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்காக 2015இல் ரசிகர்கள் நிதி திரட்டி 24,000 பவுண்டு கொடுத்தார்கள். கோல்மனுக்கு அது காலம் கடந்த உதவி.

எடுத்தவர்களில் பலர் கெட்டவர்கள் அல்லர். அவர்கள் கேட்டது ஓர் ஓசையை. அதற்குப் பின்னால் ஒரு கை இருந்ததை யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

இதையெல்லாம் நான் வீட்டில் உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொள்ளக் காரணம், அன்று பள்ளியில் நடந்த ஒன்று. பதிந்து முடித்த மகிழ்ச்சியில் நம் பையன் கீபோர்டை அணைத்துவிட்டான். திரும்பப் போட்டால் மணி இல்லை! இந்தக் கருவியில் பதிந்த சாம்பிள், சேமிக்காமல் அணைத்தால் அழிந்துவிடும். 16 மெகாபைட் நினைவகத்தில் சுமார் 2 நிமிடம் 54 விநாடி பதியலாம். ஆனால் சேமித்து வைக்க இருந்த பிளாப்பி வட்டில் கொள்வது 1.44 மெகாபைட், அதாவது 15 விநாடி. கணக்குப் போட்டுப் பாருங்கள், முழுவதையும் சேமிக்க எத்தனை வட்டு வேண்டும் என்று!

பெரியவரை மறுபடி அடிக்கச் சொல்ல எனக்குச் சங்கடமாக இருந்தது. அவரோ, "அதுக்கென்ன டீச்சரம்மா, முப்பது வருஷம் அடிச்ச கைதானே" என்று எழுந்து வந்தார். இந்த முறை உடனே சேமித்தான். சேமிக்கும்போது சாம்பிளுக்கு ஒரு பெயர் கொடுக்கலாம். 'பள்ளி மணி' என்று போடு என்றேன். அவன் கேட்டான், "வேண்டாம் டீச்சர், ஐயா பேரைப் போடுவோம். ஐயாவோட முழுப் பேர் என்ன?"

எனக்குத் தெரியவில்லை.

இத்தனை வருடம் ஒரே வளாகத்தில் இருந்திருக்கிறோம். அவர் அடித்த மணிக்குத்தான் நான் பாடம் தொடங்கினேன், முடித்தேன். எனக்கு அவர் 'மணி அடிக்கிறவர்' மட்டுமே. அன்றுதான் அவரிடம் பெயரைக் கேட்டேன். அவர் சொல்லச் சொல்ல, பையன் ஒவ்வொரு எழுத்தாக ஏற்றினான்.

சந்திப்பு அன்று அவரை முன்வரிசையில் உட்கார வைக்க வேண்டும் என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். வருகிறவர்கள் அவரிடம் போய் இரண்டு வார்த்தை பேசுங்கள். பெயரையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்