மும்முறை மறுத்த பிரபு

பிரதம மந்திரிப் பதவி தம்மைத் தேடி வந்து வாசலில் நின்றபோதும் மும்முறை அதனை வேண்டாமென்று அனுப்பிவிட்ட விசித்திர மனிதர் ஒருவர் விக்டோரியா மகாராணியின் காலத்து இங்கிலாந்தில் இருந்தார். அவரே, 1833-இல் பிறந்து, பிற்காலத்தில் எட்டாவது டெவன்ஷயர் கோமகனாகப் பட்டமெய்திய ஹார்ட்டிங்டன் பிரபு. காமன்ஸ் சபையில் தமது கன்னிப் பேச்சின் நடுவே தாமே கொட்டாவி விட்டார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். நியூமார்க்கெட் குதிரைப் பந்தயத்தில் அவருக்கிருந்த உற்சாகம் ராஜாங்கக் காரியங்களில் இருந்ததா என்பது சந்தேகமே.

1880-இல் லிபரல் கட்சியின் மூத்த தலைவரான கிளாட்ஸ்டனை வெறுத்த மகாராணி, மந்திரிசபை அமைக்க முதலில் இவரையே அழைத்தாள். பிறர் தலைமையின்கீழ் ஊழியம் புரியக் கிளாட்ஸ்டன் இசையாததை அறிந்திருந்த ஹார்ட்டிங்டன், அவரையே அழைக்கும்படி ராணிக்கு ஆலோசனை கூறி, தாம் இந்தியா மந்திரியாக அமைந்தார். இரண்டே ஆண்டுகளில், 1882 மே 6-ஆம் தேதி, அயர்லாந்தின் பிரதான காரியதரிசியாக டப்ளின் நகரில் காலடி வைத்த அன்றே, அவருடைய தம்பி பிரெடரிக் கேவண்டிஷ், பீனிக்ஸ் பூங்காவில் அந்திப் பொழுதில் நடந்து செல்கையில், ஐரிஷ் தீவிரவாதிகளின் நீண்ட சத்திர சிகிச்சைக் கத்திகளால் குத்துண்டு மாண்டார்.

1886-இல் அயர்லாந்துக்குச் சுயாட்சி வழங்கும் மசோதாவைக் கிளாட்ஸ்டன் கொணர்ந்தபோது ஹார்ட்டிங்டன் எதிரணி திரட்டினார். தம்பியின் ரத்தமே அதற்குக் காரணமென்பது எளிய வியாக்கியானம், நிலப்பிரபுவின் சுபாவமும் அதில் கலந்திருந்தது. 343-க்கு 313 என்ற கணக்கில் மசோதா வீழ்ந்தது, லிபரல் கட்சியும் பிளந்தது. அதன்பின் கன்சர்வேடிவ் கட்சித் தலைவர் சாலிஸ்பரி பிரபு இருமுறை பிரதம மந்திரிப் பதவியை அவரிடம் நீட்டினார். ஹார்ட்டிங்டன் இருமுறையும் தலையசைத்து மறுத்தார்.