விற்பனைச் சீட்டில் கிடைத்த பாட்டன்

‘குடும்ப மரம் வரைந்து வா’ என்பது அமெரிக்கப் பள்ளிகளில் வழக்கமாகக் கொடுக்கும் வீட்டுப்பாடம். ஐரிஷ், இத்தாலிய, ஜெர்மன் வீட்டுப் பிள்ளைகள் தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று மேலே போய், எந்த ஊரிலிருந்து எந்தக் கப்பலில் வந்து இறங்கினார்கள் என்பதுவரைகூட எழுதிவிட முடியும். கறுப்பின வீட்டுப் பிள்ளைக்கு அந்த மரம் பெரும்பாலும் ஓர் இடத்தோடு நின்றுவிடும். நிற்கிற இடத்துக்கு ஆண்டுகூட உண்டு: 1870.

அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் முடிந்து, 1865-ல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. அதற்கு ஐந்தாண்டு கழித்து எடுத்த சென்சஸில்தான், முன்பு அடிமைகளாக இருந்தவர்கள் முதன்முதலாகப் பெயரோடு பதிவானார்கள். லூசியானாவில் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் தன் முன்னோரைத் தேடப் புறப்படுகிறான் என்று வைத்துக்கொள்வோம். பாட்டி சொன்ன பெயர்களைப் பிடித்துக்கொண்டு 1940, 1930, 1920 என்று பின்னால் போவான். 1890 சென்சஸ் ஏடுகள் அநேகமாக முழுவதும் தீ விபத்தில் போய்விட்டன. அதைத் தாண்டி 1880, பிறகு 1870. அங்கே தடுக்கும்.

ஏன் தடுக்கிறது? 1850, 1860 சென்சஸ்களில் அடிமைகளுக்கென்று தனி ஏடு வைத்தார்கள். ஆண்டையின் பெயர் இருக்கும். அதன் கீழே வரிசையாக வயது, ஆணா பெண்ணா, நிறம். பெயர் மட்டும் இருக்காது. 1860-ல் அப்படிக் கணக்கில் ஏறியவர்கள் சுமார் 39.5 லட்சம் பேர். ‘வயது 13, ஆண், கறுப்பு’ என்று ஒரு வரி கிடைத்தால், அது தன் பாட்டனா, பக்கத்துக் குடிசைக்காரனா என்று அந்தப் பையன் எப்படிக் கண்டுபிடிப்பான்? ஆராய்ச்சியாளர்கள் இதற்கு ‘1870 சுவர்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அலெக்ஸ் ஹேலியின் ‘ரூட்ஸ்’ நாவலைத் தமிழில் ‘ஏழு தலைமுறைகள்’ என்ற பெயரில் வாசித்தவர்களுக்கு இந்தத் தேடல் புதிதல்ல. ஹேலி சொன்ன வம்சாவளியிலேயே அடிமைக் காலத்துக் கண்ணிகள் ஆவணங்களோடு ஒத்துப்போகவில்லை என்று பின்னாளில் ஆய்வாளர்கள் கேள்வி எழுப்பினார்கள். சுவர் அவ்வளவு கெட்டி.

ஆனால் அதே லூசியானாவில், மாரிங்வின் என்ற சின்ன ஊரைப் பூர்விகமாகக் கொண்ட பிள்ளைகள் சிலருக்கு அந்தச் சுவர் இல்லை. 1870-ஐத் தாண்டி, 1838-க்குப் போய், அதற்கும் அப்பால் மேரிலாண்டின் புகையிலைப் பண்ணைகள்வரை அவர்களால் பெயர் சொல்லிப் போக முடிகிறது. அதற்கு அவர்கள் நன்றி சொல்ல வேண்டியது, சொல்லவே கூசுகிறது, அவர்களுடைய முன்னோரை விற்றவர்களுக்கு.

விற்றவர்கள் சேசு சபைத் துறவிகள். தமிழர்களுக்கு இந்தச் சபையை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வீரமாமுனிவரும் அருளானந்தரும் இந்தச் சபையினர்தான். சென்னை லயோலா கல்லூரி இவர்களுடையதுதான். அமெரிக்காவில் இவர்கள் மேரிலாண்டில் பெரிய பெரிய புகையிலைப் பண்ணைகள் வைத்திருந்தார்கள். வேலை செய்தவர்கள் அடிமைகள். 1789-ல் தொடங்கிய ஜார்ஜ்டவுன் கல்லூரி, அமெரிக்காவின் முதல் கத்தோலிக்க உயர்கல்வி நிலையம், இந்தப் பண்ணைகளை நம்பித்தான் நின்றது.

1830-களில் பண்ணைகளில் வருமானம் சரிந்தது. கல்லூரித் தலைவராக இருந்த தாமஸ் மல்லெடி பாதிரியாரோ கட்டடத்துக்கு மேல் கட்டடம் எழுப்பிக் கடனை ஏற்றி வைத்திருந்தார். அவரே சேசு சபையின் மேரிலாண்டு மாகாணத் தலைவராகவும் ஆனபின், 1838 ஜூன் 19 அன்று ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். 272 பேர், விலை 1,15,000 டாலர். தலைக்குச் சராசரியாக 423 டாலர் வருகிறது. வாங்கியவர்கள் லூசியானாவின் முன்னாள் ஆளுநர் ஹென்றி ஜான்சன், நிலக்கிழார் ஜெஸி பேட்டி என்ற இருவர். எண்ணிக்கை உண்மையில் 314 என்கிறது பிந்தைய ஆய்வு.

ரோமில் இருந்த சபைத் தலைவர் ரூத்தான் விற்பனைக்கு அனுமதி கொடுத்தபோது நிபந்தனைகளும் போட்டிருந்தார். குடும்பங்களைப் பிரிக்கக்கூடாது, அவர்கள் கத்தோலிக்கர்களாக வாழ வழி இருக்க வேண்டும், கிடைக்கும் பணத்தைக் கடன் அடைக்கத் தொடக்கூடாது. குடும்பங்கள் பிரிந்தன. முன்பணமாக வந்த 25,000 டாலரில் 17,000 டாலர் கல்லூரிக் கடனுக்குப் போனது. பத்தாண்டு கழித்து லூசியானாவில் அவர்களைப் பார்த்த வான் டி வெல்டே பாதிரியார், அருகில் கோயிலே இல்லை, ஏதாவது செய்யுங்கள் என்று மேரிலாண்டுக்குக் கடிதம் எழுதினார். மனிதரை விற்பதற்கு நிபந்தனை போட்டு மனச்சாட்சியைத் தேற்றிக்கொள்ளலாம் என்று ரோமில் ஒருவர் நினைத்ததுதான் இதில் எனக்கு விளங்காத விஷயம்.

இனி காகிதத்துக்கு வருவோம். சபையினர் கணக்கில் புலிகள். யாரை விற்பது என்று பண்ணைவாரியாகப் பட்டியல் போட்டார்கள்: பெயர், வயது, யாருக்கு யார் பிள்ளை. முதல் பெயர் ஐசக், வயது 65. கைக்குழந்தைகளும் பட்டியலில் உண்டு. இது தவிரத் திருமுழுக்குப் பதிவேடுகள் இருந்தன. அடிமைக் குழந்தைக்கும் தலையில் தண்ணீர் ஊற்றினால் தாய் தந்தை, ஞானப்பெற்றோர் பெயர்களை எழுதத்தானே வேண்டும்?

மூன்றாவது காகிதம் அரசாங்கத்தின் உபயம். ஆப்பிரிக்காவிலிருந்து புதிதாக அடிமைகளை இறக்கக்கூடாது என்று 1807-ல் அமெரிக்கா சட்டம் இயற்றியது. உள்நாட்டு வியாபாரத்துக்குத் தடையில்லை. கடற்கரை ஓரமாக அடிமைகளை ஏற்றிச் செல்லும் கப்பல் ஒவ்வொன்றும், கடத்தல் சரக்கு அல்ல என்று காட்ட, ஒவ்வொருவரின் பெயர், வயது, உயரம், நிறம் எழுதிய பட்டியலைத் துறைமுகத்தில் கொடுக்க வேண்டும். அப்படித்தான் ‘காதரின் ஜாக்சன்’ என்ற கப்பலின் பட்டியல் நமக்குக் கிடைத்திருக்கிறது. 1838 இலையுதிர் காலத்தில் வாஷிங்டனுக்கு அருகே அலெக்சாண்ட்ரியாவில் புறப்பட்ட அந்தக் கப்பல், டிசம்பர் 6 அன்று நியூ ஆர்லியன்ஸ் வந்து சேர்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அதில் இருந்தார்கள். அவர்களில் ஒருவன் கொர்னேலியஸ் ஹாக்கின்ஸ், வயது 13. நாம் முன்னே பார்த்த பள்ளிப் பையனைவிட இரண்டு வயது இளையவன்.

கொர்னேலியஸின் வாழ்க்கையை இப்போது ஏட்டுக்கு ஏடு தொடரலாம். அவனுடைய உறவினர்களில் நெல்லி தன் பெண்களோடு ஒரு தோட்டத்துக்கும், ஜேம்ஸ் மனைவி மக்களோடு இன்னொரு தோட்டத்துக்கும் போனார்கள். 1851-ல் பேட்டி இறந்தபோது அவருடைய சொத்துக்கு விலை மதிப்பிட்டார்கள். அந்தச் சொத்துப் பட்டியலில் 27 வயதுக் கொர்னேலியஸ் இருக்கிறார். மதிப்பு 900 டாலர். அதற்குப் பிறகு 1870 சென்சஸ். இந்த முறை ஆண்டையின் சொத்தாக அல்ல, குடும்பத் தலைவராக. 1902-ல் அவர் இறந்தார். மாரிங்வின் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில், சிலுவை வைத்த கல்லின் கீழே புதைத்தார்கள். மேரிலாண்டில் வாங்கிய திருமுழுக்கை அவர் கடைசிவரை விடவில்லை. அந்த ஊர் இன்றும் கத்தோலிக்க ஊர்தான்.

இதெல்லாம் பரவலாக வெளியே தெரிந்தது 2015, 2016-ல்தான். புதுப்பித்துத் திறந்த மாணவர் விடுதிக்கு இன்னும் மல்லெடி பெயரா என்று ஜார்ஜ்டவுன் மாணவர்கள் கிளம்பினார்கள். முன்னாள் மாணவர் ரிச்சர்ட் செல்லினி, விற்கப்பட்டவர்களின் வாரிசுகள் எங்கே என்று விசாரித்தார். லூசியானாச் சதுப்பில் காய்ச்சல் கண்டு எல்லோரும் சீக்கிரமே செத்துப்போனார்கள் என்று பதில் வந்தது. அத்தனை பேருமா என்ற சந்தேகத்தில் அவர் வம்சாவளி ஆய்வாளர்களை அமர்த்தித் தேடச் சொன்னார். ஆயிரக்கணக்கான வாரிசுகள் கிடைத்தார்கள். ஃபிராங்க் கேம்பெல் என்பவரின் புகைப்படம் லூசியானாவின் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில், பழைய ஆல்பம் ஒன்றில் அகப்பட்டது. விற்றபோது அவருக்கு வயது இருபதை ஒட்டி, படத்தில் முதியவர். அந்தக் கூட்டத்தில் ஒருவருடைய முகம் அப்படித்தான் தெரியவந்தது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் தவறாகிவிடும். வம்சாவளியைத் தேடியவர்கள் இந்தக் காலத்துப் பேரப்பிள்ளைகள் மட்டுமல்ல. அடிமையாக இருந்த எட்வர்ட் குவீன், 1791-லேயே சேசு சபைப் பாதிரியார் ஜான் ஆஷ்டன் மேல் வழக்குப் போட்டார். ‘என் பாட்டி மேரி குவீன் சுதந்திரமானவர், ஆகவே நானும் அடிமையல்ல’ என்பது வாதம். 1794-ல் ஜெயித்தார். குடும்ப வரலாறு தெரிந்திருப்பது அவருக்கு விடுதலையாகவே இருந்தது.

பிறகு நடந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். 2016-ல் பல்கலைக்கழகம், மாணவர் சேர்க்கையில் வாரிசுகளுக்கு முன்னுரிமை அறிவித்தது. 2017 ஏப்ரலில் சபை பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. மல்லெடி விடுதி, பட்டியலின் முதல் பெயரான ஐசக் ஹாக்கின்ஸின் பெயரைப் பெற்றது. 2019-ல் மாணவர்கள், பருவத்துக்கு ஆளுக்கு 27.20 டாலர் கட்டி வாரிசுகளுக்கு நிதி சேர்ப்போம் என்று வாக்கெடுப்பு நடத்தினார்கள். 272 பேரை நினைவூட்டும் தொகை. மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரித்தார்கள். பல்கலைக்கழகம் அந்தக் கட்டணத்தை ஏற்காமல், ஆண்டுக்குச் சுமார் 4 லட்சம் டாலர் தானே திரட்டுவதாகச் சொன்னது. 2021-ல் சேசு சபை 10 கோடி டாலர் திரட்ட உறுதி கொடுத்தது.

இவற்றில் எனக்குப் பெரியதாகத் தெரிவது அந்த மாணவர்களின் வாக்கு. நிறுவனங்கள் மன்னிப்புக் கேட்க 179 ஆண்டுகள் ஆயின. இருபது வயதுப் பிள்ளைகள், தாங்கள் செய்யாத விற்பனைக்குத் தங்கள் பையிலிருந்து பணம் எடுக்கத் தயாரானார்கள். சேர்க்கையில் முன்னுரிமை நல்லதுதான். ஆனால் ஜார்ஜ்டவுனுக்கு விண்ணப்பிக்கும் நிலையில் இருக்கும் வாரிசுக்குத்தான் அது உதவும். மாரிங்வினில் வேலைக்கு அலைகிறவருக்கு அதில் ஒன்றுமில்லை. இன்னொன்று, இந்த வாரிசுகள் விதிவிலக்குகள். நிதானமாகக் கணக்கெழுதிய ஆண்டை கிடைத்தவர்கள் அவர்கள். பெயர் எழுதாத ஆண்டைகளிடம் இருந்த லட்சக்கணக்கானவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் 1870-ல்தான் நிற்கிறார்கள்.

அவர்களுடைய முன்னோரும் சும்மா இருந்துவிடவில்லை. விடுதலை கிடைத்ததும், விற்கப்பட்ட தாயையும் பிள்ளையையும் தேடிப் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்தார்கள்.