மலைநாட்டு வங்கிகளும் நீண்டகால மெய்யிலாப அளவையும்

ஹற்றன் என்னும் பெயர் இலங்கை மக்களுக்கு இருவகையிற் பழக்கமானது. தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த மலைநகரொன்றை அது முதலிற் குறிக்கும். நாடெங்கும் கிளைகளைக் கொண்ட வணிக வங்கியொன்றின் பெயரிலும் அது இடம்பெறும். 1888 ஆம் ஆண்டிற் பிரித்தானியர் இருவர் தோட்டத்துரைமாரின் கொடுக்கல் வாங்கலுக்கென அந்நகரிலே தொடங்கிய சிறு வங்கியே பிற்காலத்தில் ஹற்றன் நஷனல் வங்கியாக வளர்ந்தது. அதன் பங்குகள் கொழும்புப் பங்குச் சந்தையிற் கைமாறுகின்றன. அத்தகைய பங்கொன்றின் தகுந்த விலை யாது என்னும் வினா தரகர்க்கும் செல்வர்க்கும் மட்டுமே உரியதெனத் தோன்றலாம். ஆயின், மலைநாட்டின் ஒன்றரை நூற்றாண்டுப் பொருளாதார வரலாற்றை நோக்குமிடத்து, அவ்வினா தோட்டத் தொழிலாளரின் வாழ்வோடும் பிணைந்துள்ளமை புலனாகும்.

அளவையின் இயல்பு

பங்கொன்றின் விலையை அதன் ஓராண்டு இலாபத்தால் வகுத்து, விலை இலாபத்தின் எத்தனை மடங்கு எனக் காண்பது வழமை. ஓராண்டு இலாபமோ நம்பத்தக்கதன்று. நல்ல ஆண்டொன்றில் அது வீங்கும். தீய ஆண்டொன்றில் முற்றாக மறையவுங்கூடும். இக்குறையை உணர்ந்த பெஞ்சமின் கிரகாம், டேவிட் டொட் என்னும் அமெரிக்க அறிஞர் இருவரும், பெருமந்தத்தின் அனுபவத்தைக் கண்முன் கொண்டு 1934 இல் வெளியிட்ட நூலில், ஐந்தாண்டுக்குக் குறையாத, இயலுமாயின் ஏழு அல்லது பத்தாண்டு காலத்துச் சராசரி இலாபத்தையே நோக்கவேண்டுமென வற்புறுத்தினர். 1988 இல் ஜோன் கம்பெல், றொபேட் ஷில்லர் ஆகியோர் இக்கருத்தை மேலும் செம்மைப்படுத்தினர். கடந்த ஒவ்வோராண்டின் இலாபத்தையும் விலைச் சுட்டெண்ணின் துணையால் இன்றைய பணப்பெறுமதிக்கு மாற்றி, அதன் பின்னரே சராசரி காணவேண்டும் என்பது அவர்தம் முறை. இவ்வாறு பெறப்படுவதை மெய்யிலாபச் சராசரி எனலாம்.

எளிய எடுத்துக்காட்டொன்று இதனை விளக்கும். ஒரு வங்கி பத்தாண்டுகளுக்கு முன்னர் பங்கொன்றுக்கு 10 ரூபா ஈட்டியது. அன்றைய விலைச் சுட்டெண் 100. இன்று அது 15 ரூபா ஈட்டுகின்றது. இன்றைய சுட்டெண் 200 எனக் கொள்வோம். ஏட்டின்படி இலாபம் அரைப்பங்கு உயர்ந்துள்ளது. ஆனால் அன்றைய 10 ரூபா இன்றைய 20 ரூபாவுக்குச் சமமாதலின், மெய்யாக இலாபம் காற்பங்கு வீழ்ந்துள்ளது. பத்தாண்டு மெய்யிலாபச் சராசரி 18 ரூபாவாகவும் பங்கின் விலை 90 ரூபாவாகவும் இருப்பின், விலை அச்சராசரியின் 5 மடங்காகும். சென்ற ஆண்டின் இலாபத்தை மட்டும் கொண்டால் 6 மடங்காகும். பணவீக்கத்தைக் கழியாது, ஏட்டிலுள்ள இலாபங்களின் சராசரி 12 ரூபா எனக் கொண்டால் ஏழரை மடங்காகும். ஒரே பங்கு மூன்று அளவைகளால் மூன்று தோற்றம் கொள்கின்றது.

வங்கிகளைப் பொறுத்தவரை இம்முறை இரு காரணங்களால் இன்றியமையாததாகும். முதலாவது, அறவிடமுடியாக் கடன்கள் ஆண்டுதோறும் சீராக எழுவதில்லை. செழிப்புக் காலத்தில் தாராளமாக வழங்கப்பட்ட கடன்கள் நெருக்கடி ஆண்டொன்றில் ஒருங்கே பொய்க்கின்றன. எனவே ஐயக்கடன் ஏற்பாடு குறைவாயிருந்த ஆண்டுகளின் இலாபம் வங்கியின் உண்மையான ஈட்டுந்திறனைக் காட்டாது. இரண்டாவது, தேயிலைக் கம்பனிக்கு நிலமும் செடியும் தொழிற்சாலையும் உள. விலைமட்டம் உயரும்போது அவற்றின் பணப்பெறுமதியும் உயர இடமுண்டு. வங்கியின் சொத்துகளோ பெரும்பாலும் குறித்த தொகைப் பணத்தைப் பெறும் உரிமைகளே. அதனாற் பணவீக்கம் வங்கியின் மூலதனத்தையே அரிக்கின்றது. 100 ரூபா மூலதனமும் 20 ரூபா இலாபமும் கொண்ட வங்கியொன்று, விலைமட்டம் 70 சதவீதம் உயரும் ஆண்டில் தன் மூலதனத்தின் கொள்வனவு ஆற்றலைக் காத்துக்கொள்வதற்கே 70 ரூபாவை மேலதிகமாகச் சேர்த்தல் வேண்டும். அந்த 20 ரூபாவை இலாபமெனக் கொள்வது கண்மயக்கே.

கோப்பிக் காலம் தரும் படிப்பினை

இவ்வளவை வகுக்கப்படுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே மலைநாட்டு வரலாறு அதன் தேவையையும் குறைபாட்டையும் ஒருசேரக் காட்டிவிட்டது. 1842 இற் பம்பாயிலே தோன்றி, பின்னர் இலண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட ஓரியன்டல் வங்கிக் கூட்டுத்தாபனம், 1849 இல் இலங்கையில் நலிந்திருந்த வங்கியொன்றைக் கையேற்றுக் கோப்பித் தோட்டங்களுக்குப் பெருமளவிற் கடன் வழங்கியது. அது வெளியிட்ட நாணயத் தாள்கள் இலங்கை முழுவதும் புழங்கின. கீழைத்தேயத்தில் அதற்கு நிகரான வங்கிகள் அன்று மிகச் சிலவே.

1869 இல் மடுல்சீமைப் பகுதியிற் கோப்பி இலைநோய் காணப்பட்டது. ஆயினும் பேரழிவு உடனடியாக வெளிப்படவில்லை. நோயினால் விளைச்சல் குறைந்தபோதும் உலகச் சந்தையிற் கோப்பி விலை பெரிதும் உயர்ந்தமையால், 1870 களில் துரைமாரின் வருமானம் குன்றவில்லை. திக்கோயா, மஸ்கெலியா முதலிய பகுதிகளிற் காடழித்துப் புதுத் தோட்டங்களும் திறக்கப்பட்டன. அதற்கும் கடனே துணைநின்றது. செடி மடிந்துகொண்டிருக்க, ஏடு செழித்தது.

1870 களின் இறுதியில் விலையும் வீழ்ந்தது. பிரேசிலின் போட்டியும் மிகுந்தது. ஈடாக வைக்கப்பட்ட தோட்டங்கள் மதிப்பிழந்தன. மொறிசியசின் கரும்புத் தோட்டக் கடன்களிலும் நட்டங் கண்டிருந்த ஓரியன்டல் வங்கி 1884 மே 3 ஆம் நாள் கதவடைத்தது. மக்கள் கையிலிருந்த தாள்கள் பெறுமதியற்றுப் போகும் நிலையில், தேசாதிபதி சேர் ஆதர் கோடன் அவற்றுக்கு அரசாங்கத்தின் உத்தரவாதத்தை அளித்துப் பீதியைத் தணித்தார். வைப்பாளர்க்கும் பங்காளர்க்கும் அத்தகைய காப்புக் கிடைக்கவில்லை. அவ்வாண்டிலேயே நாணயத் தாள் பற்றிய சட்டம் இயற்றப்பட்டு, 1885 தொடக்கம் அரசாங்கமே தாள்களை வெளியிட்டது. வங்கியின் எச்சங்களிலிருந்து எழுந்த புதிய ஓரியன்டல் வங்கியும் 1892 இல் வீழ்ந்தது.

1880 இல் ஒருவர் இவ்வங்கியின் முந்தைய பத்தாண்டு இலாபத்தைச் சராசரி கண்டு பங்கை வாங்கியிருப்பின், ஓராண்டுக் கணக்கை நம்பியவரை விட அவர் அதிகம் தப்பியிருக்கமாட்டார். பத்தாண்டுச் சராசரி, நல்ல காலமும் தீய காலமும் மாறிமாறி வரும் என்னும் எடுகோளை அடிப்படையாகக் கொண்டது. கோப்பியின் வீழ்ச்சி அத்தகைய மாற்றமன்று, மீளாத முடிவு. இலாபத்தை ஈன்ற அடித்தளமே அழியும்போது கடந்தகாலச் சராசரி எதிர்காலத்துக்குச் சான்றாகாது.

எந்தப் பணத்தில் அளப்பது என்னும் சிக்கலும் அன்றே எழுந்தது. 1872 இல் இலங்கையின் கணக்குப் பணமாக்கப்பட்ட ரூபா வெள்ளியை அடிப்படையாகக் கொண்டிருந்தது. வெள்ளியின் மதிப்புச் சரியவே, ஏறத்தாழ 24 பென்சாக இருந்த ரூபா 1890 களின் நடுப்பகுதியில் 14 பென்சுக்கும் கீழிறங்கியது. ரூபாவில் ஈட்டிய இலாபம் இலண்டன் பங்காளரின் தங்கப் பணத்தில் ஆண்டுக்காண்டு சுருங்கியது. மறுபுறத்தில், விளைபொருளைத் தங்கப் பணத்துக்கு விற்றுக் கூலியை ரூபாவிற் கொடுத்த துரைமாருக்கு அதே சரிவு நன்மை பயத்தது. பணத்தின் பெறுமதி மாறும்போது ஒருவரின் நட்டம் மற்றொருவரின் ஆதாயமாதல் இதனால் விளங்கும்.

தேயிலையும் ஹற்றன் வங்கியும்

கோப்பியின் இடத்தைத் தேயிலை பிடித்தது. ஜேம்ஸ் டெயிலர் 1867 இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரிற் பயிரிட்டுத் தொடங்கிய செய்கை, நூற்றாண்டின் முடிவுக்குள் மூன்று இலட்சம் ஏக்கரைக் கடந்தது. 1885 இற் புகையிரதப் பாதை நானுஓயாவை எட்டியது. இப்புதிய வளர்ச்சியின் நடுவே, 1888 இல் ஹற்றன் வங்கி கூட்டாண்மை நிறுவனமாகத் தோன்றியது. 1948 இல் அது பிறவுன் கம்பனியின் கைக்கு மாறியது. அவ்வாண்டிலேயே இயற்றப்பட்ட பிரசாவுரிமைச் சட்டத்தால் மலைநாட்டுத் தமிழருட் பெரும்பாலோர் நாடற்றவராயினர் என்பது இங்கு நினைவுகூரற்பாலது. 1970 இல் ஹற்றன் நஷனல் வங்கி அமைக்கப்பட்டது. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களாற் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் முகாமை மீண்டும் தனியார் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. இம்மாற்றங்களுக்கிடையே வங்கி தோட்டத்துறையை மட்டும் சார்ந்திராது நாடு முழுவதும் பரந்தது. ஒரே பயிரில் முடங்கிய கடன் எத்தகைய கேட்டை விளைக்கும் என்பதற்கு ஓரியன்டல் வங்கி சான்றாயின், பரந்து நிற்பதன் பயனுக்கு இவ்வங்கி சான்றாகும்.

2022 ஆம் ஆண்டு நெருக்கடி இலங்கை வங்கிகள் யாவற்றுக்கும் கடுஞ்சோதனையாயிற்று. ஏப்பிறில் மாதத்தில் அரசு வெளிநாட்டுக் கடன் மீளச் செலுத்தலை நிறுத்தியது. செப்டெம்பர் மாதத்திற் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தை எட்டியது. இத்தகைய காலத்தின் ஏட்டிலாபங்களை முந்தைய ஆண்டுகளின் இலாபங்களோடு நேரே கூட்டிச் சராசரி காண்பது, முழத்தையும் யாரையும் ஒன்றாகக் கூட்டி நீளங் கூறுவதை ஒக்கும். 2022 க்கு முந்திய ஒவ்வோராண்டின் இலாபத்தையும் இன்றைய பணத்துக்கு உயர்த்திய பின்னரே, வங்கி வளர்ந்ததா தேய்ந்ததா என்பது தெரியவரும். பங்குகளின் எண்ணிக்கை காலந்தோறும் கூடியிருத்தலால், மொத்த இலாபத்தை விடுத்துப் பங்கொன்றுக்கான இலாபத்தையே கொள்ளல் வேண்டும் என்பதும் இங்குக் கருதத்தக்கது.

விலைச் சுட்டெண்ணும் ஐயத்துக்கு அப்பாற்பட்டதன்று. 1952 ஐ அடியாண்டாகக் கொண்ட பழைய கொழும்புச் சுட்டெண் கொழும்புத் தொழிலாளர் குடும்பங்களின் செலவைக் கொண்டு வகுக்கப்பட்டது. கட்டுப்பாட்டு விலைகள் அதில் இடம்பெற்றமையால் உண்மையான விலையேற்றத்தை அது குறைத்தே காட்டியதெனப் பொருளியலாளர் பலர் கருதினர். கோதுமை மாவுக்கும் அரிசிக்கும் வருமானத்தின் பெரும்பகுதியைச் செலவிடும் லயக் குடும்பமொன்றின் வாழ்க்கைச் செலவைக் கொழும்புச் சுட்டெண் எவ்வளவு காட்டும் என்பதும் சிந்திக்கற்பாலது.

சேமலாப நிதியும் கூலியும்

1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட ஊழியர் சேமலாப நிதி ஹற்றன் நஷனல் வங்கியின் பெரும் பங்காளருள் ஒன்றாகும். தொழிலாளியின் சம்பளத்தில் 8 சதவீதமும் தொழில்கொள்வோரின் பங்களிப்பாக 12 சதவீதமும் இந்நிதியிற் சேர்கின்றன. தோட்டத் தொழிலாளரிற் சிலரின் சேமிப்பு வேறு சேமலாப நிதிகளில் உள்ளதெனினும், இந்நிதிக்கு உழைப்பாற் பங்களித்தோர் அவர்களிடையே பலராவர். துரைமாருக்கெனத் தோன்றிய வங்கியின் ஒரு பகுதிக்கு, அத்துரைமாரின் கொழுந்தைப் பறித்தோரின் வழித்தோன்றல்கள் இவ்வகையில் மறைமுக உரிமையாளராயுள்ளனர். எனவே அப்பங்கு தகுந்த விலைக்கு வாங்கப்பட்டதா என்னும் வினா அவர்தம் முதுமைக்காலச் சோற்றைப் பற்றிய வினாவுமாகும்.

ஆயினும், நிதியின் மிகப் பெரும்பகுதி அரச பிணையங்களிலேயே இடப்பட்டுள்ளது. ஆண்டுச் சராசரிப் பணவீக்கம் 46 சதவீதமாயிருந்த 2022 இல் அங்கத்தவர்க்கு வழங்கப்பட்ட வட்டி 9 சதவீதமே. 2023 இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைக்கப்பட்டபோது, வங்கிகள் வைத்திருந்த திறைசேரி முறிகளுக்கு விலக்களிக்கப்பட்டது. சேமலாப நிதிகளின் முறிகளோ மாற்றீட்டுக்கு உட்படுத்தப்பட்டன. ஒரே தொழிலாளியின் சேமிப்பு வங்கிப் பங்கின் வழியே காக்கப்பட்டும், முறியின் வழியே குறைக்கப்பட்டும் நின்ற விந்தை நிலை இது.

கூலியையும் இவ்வளவையாற் பார்த்தல் தகும். 1927 இன் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் குறித்த விலையில் அரிசி வழங்கலையும் கருத்திற் கொண்டது. அன்றைய தொழிலாளி தன் கூலியை அரிசியாலே அளந்தான் எனலாம். 1941 இன் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின் பின்னர், வாழ்க்கைச் செலவுச் சுட்டெண்ணுக்கேற்ப மாறும் விசேட கொடுப்பனவு அடிப்படைச் சம்பளத்தோடு சேர்ந்தது. 2021 இல் நாட்சம்பளம் 1000 ரூபாவாகவும் 2024 இல் 1350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. ஏட்டின்படி இது 35 சதவீத உயர்வு. அதே காலத்தில் விலைமட்டம் ஏறத்தாழ இரட்டித்தது. 2021 இன் பணத்தில் 1350 ரூபா 700 ரூபாவையே அண்மிக்கும். பங்காளனின் இலாபத்தைப் பணவீக்கம் கழித்து நோக்கவேண்டுமென இலக்கணம் வகுத்த பொருளியல், கொழுந்து பறிப்பவளின் கூலிக்கு வேறோர் இலக்கணம் வகுக்க நியாயமில்லை.

முடிவாகக் கூறுமிடத்து, நீண்டகால மெய்யிலாப அளவை ஓராண்டுக் கணக்கின் மயக்கத்தைப் போக்கவல்லது. பணவீக்கத்தின் திரையை விலக்கவல்லது. இலாபத்தின் வேர் நோயுற்றதா என்பதை மட்டும் அது காட்டாது. அதனை அறிவதற்கு ஏட்டை விட்டுத் தோட்டத்துக்குச் சென்று செடியைப் பார்த்தல் வேண்டும். 1884 இல் இலண்டன் பங்காளர் அறியத் தவறியது அதுவே. மலைநாட்டின் இளந்தலைமுறை பல்கலைக்கழகங்களிற் கணக்கியலும் பொருளியலும் பயிலும் இக்காலத்தில், தம் பெற்றோரின் சேமிப்பையும் கூலியையும் இவ்விரு கண்கொண்டும் அளந்தறிதல் அவர்தம் கல்வியின் பயனாகும்.