ஓட்ஸ் கஞ்சியும் தாது வருஷப் பஞ்சமும்

கொழுப்பு கூடிவிட்டதென்று டாக்டர் என் காலை இட்லி வடையை நிறுத்தி மூன்று மாதமாகிறது. இப்போது ஓட்ஸ் கஞ்சிதான். மருமகள் அதைக் கண்ணாடிக் கிண்ணத்தில், மேலே நாலு பாதாம் பருப்பு தூவிக் கொண்டுவந்து வைக்கிறாள்.

புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தபோது இந்தத் தானியத்தின் பெயர் எனக்கு ‘அவுவான்’. குதிரைத் தீவனம் என்றே மனதில் பதிந்திருந்தது. சாமுவேல் ஜான்சனும் 1755-இல் வெளியிட்ட தம் ஆங்கில அகராதியில், இங்கிலாந்தில் குதிரைக்குப் போடுவதை ஸ்காட்லாந்தில் மனிதர் உண்கிறார்கள் என்று கேலி செய்திருக்கிறார்.

செய்முறை நம் நொய்க்கஞ்சிதான். ஒரு பங்கு ஓட்ஸுக்குத் தண்ணீரும் பாலுமாக மூன்று பங்கு. இளந்தீயில் வைத்துக் கைவிடாமல் கிண்ட வேண்டும். அதிலுள்ள பீட்டா குளூக்கான் என்ற நார்ச்சத்து கரையக் கரையக் கஞ்சி வெண்ணெய் போலக் குழையும். கொழுப்பைக் குறைக்க உதவுவதும் அந்த நார்ச்சத்துதான். அவசரப்பட்டால் திப்பிதிப்பியாக நிற்கும்.

எங்கள் வீட்டில் கஞ்சிக்கு இந்த மரியாதை இருந்ததில்லை. வாசலில் யாராவது செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் அம்மா கஞ்சிப் பானையைத் தள்ளி மூடிவிடுவார். அது ஏன் என்று எனக்கு வெகுநாள் தெரியாது.

1981-இல் நான் சிதம்பரத்தில் வேலையில் இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவை வடலூருக்கு அழைத்துப் போனேன். வள்ளலார் 1823-இல் பிறந்த மருதூர் சிதம்பரத்துக்குப் பக்கம்தான். அவர் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கியது 1867 மே 23. ஊர்மக்கள் கொடுத்த நிலம். பசித்து வந்தவரிடம் சாதி, மதம், ஊர் எதுவும் கேட்காமல் உணவிட வேண்டும் என்பது ஏற்பாடு. அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை.

பந்திக்குக் கூட்டம் நின்றது. அம்மா வர மறுத்தார். “வேணாம்டா, வரிசையில நின்னு வாங்கித் திங்கிற நிலைமையா நமக்கு?” என்றார். பரிமாறிக்கொண்டிருந்த பெரியவர் காதில் விழுந்திருக்க வேண்டும். “உக்காருங்கம்மா, வந்தவங்க எல்லாரும் சாப்பிடத்தான்” என்று இலையைப் போட்டார். அம்மா உட்கார்ந்தார். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

திரும்பும் பஸ்ஸில்தான் சொன்னார். அவருடைய பாட்டி சேலம் பக்கம் பிறந்தவர். தாது வருஷப் பஞ்சத்தில், எட்டோ ஒன்பதோ வயதில், கஞ்சித் தொட்டி வரிசையில் தட்டேந்தி நின்றவர். அந்தச் சேதியை வெளியில் மூச்சு விடக் கூடாது என்று மகளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். அப்படித்தான் கஞ்சி என்ற வார்த்தையே எங்கள் வீட்டில் ஒளிந்து வாழ்ந்திருக்கிறது.

பின்னாளில் அந்தப் பஞ்சத்தைப் பற்றித் தேடிப் படித்தேன். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பஞ்சம். வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று 1877 தொடக்கத்தில் குறைத்தார். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு. மண் சுமக்கும் உடம்புக்கு அது போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். பிறகுதான் கூலி உயர்ந்தது. அதற்குள் போன உயிர்கள் போனவைதான்.

அதே 1877-இல்தான் அமெரிக்காவில் குவேக்கர் ஓட்ஸின் வியாபார முத்திரை பதிவானது. ஒரே ஆண்டில் அங்கே ஒரு கஞ்சிக்குப் பெயரும் முத்திரையும் கிடைத்தன. இங்கே ஒரு சிறுமிக்குக் கஞ்சி ஆயுள் முழுக்க அவமானமானது.

நானும் குமாஸ்தாவாக இருந்தவன். நிவாரணப் பட்டியல்கள் எழுதியிருக்கிறேன். “உனக்கு உண்மையிலேயே தேவையா?” என்று வரிசையில் நிற்பவரைக் கேட்கும் கேள்வி எவ்வளவு நாள் வலிக்கும் என்பது அன்று பஸ்ஸில்தான் எனக்குப் புரிந்தது. தொட்டியிலும் சாலையிலும் பசிக்குத்தான் போட்டார்கள். போட்ட விதம்தான் வேறு.

நேற்று காலை பழைய ஆபீஸ் நண்பர் வந்தார். கிண்ணத்தை மறைக்கவில்லை. “கஞ்சி குடிக்கிறீர்களா?” என்று கேட்டேன். அவருக்கும் ஒரு கிண்ணம் வந்தது.