ஸீஸரின் இலைக் கிரீடம்

ரோமாபுரியை ஆட்டிப் படைத்த ஜூலியஸ் ஸீஸருக்கு ஒரு மனக்குறை இருந்தது. பிரிட்டன் கரை வரையில் படை நடத்திய மாவீரர்தான். ஆனால் தம்முடைய நெற்றி நாளுக்கு நாள் மேலே ஏறிக்கொண்டு போவதை மட்டும் அவரால் தடுத்து நிறுத்த முடியவில்லை. எதிரிகள் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். அவரும் உச்சியில் எஞ்சியிருந்த முடியை முன்புறமாக வாரிவிட்டுப் பார்த்தார். செனட் சபை அவருக்கு அளித்த மரியாதைகளுக்குள், லாரல் இலைக் கிரீடத்தை எப்போதும் அணிந்துகொள்ளும் உரிமையைத்தான் அவர் மிகுந்த மகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொண்டாராம். சூடோனியஸ் என்ற சரித்திராசிரியர் இதை எழுதி வைத்திருக்கிறார்.

கேட்டால் சிரிப்பு வருகிறது. ஆனால் கண்ணாடி முன்னால் நின்று சீப்பில் சிக்கிய முடியை எண்ணிப் பார்த்தவனுக்குச் சிரிப்பு வராது.

இந்தக் கவலை ஸீஸருக்கும் மூத்தது. கி.மு. 1550-ஐ ஒட்டி எகிப்தில் எழுதப்பட்ட, 'ஈபர்ஸ் சுவடி' என்று வழங்கும் வைத்திய நூலில் வழுக்கைக்கு ஒரு மருந்து சொல்லியிருக்கிறது. சிங்கம், நீர்யானை, முதலை, பூனை, பாம்பு, மலையாடு ஆகியவற்றின் கொழுப்பைக் கலந்து தலையில் தடவ வேண்டும்! தடவிக்கொண்டவருக்கு முடி முளைத்ததோ இல்லையோ, சிங்கக் கொழுப்பைக் கொண்டுவரப் போனவனின் தலை தப்பியதா என்பதுதான் என் கவலை.

துப்பறியும் நாவல் எழுதுகிறவர்கள் முதல் அத்தியாயத்திலேயே உண்மையான தடயத்தைப் போட்டு வைத்துவிடுவார்கள். வாசகர் அதைத் தாண்டிப் போய்விடுவார். வழுக்கையின் கதையிலும் அப்படித்தான் நடந்தது. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் பிறந்த கிரேக்க வைத்தியர் ஹிப்பாக்ரடீஸின் பெயரால் வழங்கும் சூத்திரங்களில் ஒன்று, ஆண்மை நீக்கப்பட்டவர்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்கிறது. அரிஸ்டாட்டிலும் அதையே சொன்னார். அந்தத் தடயம் ஏறக்குறைய 2,300 ஆண்டுகள் அப்படியே கிடந்தது. இடையில் மக்கள் தைலம் தடவினார்கள். பிரெஞ்சு மன்னர் பதின்மூன்றாம் லூயி முடி கொட்டியதும் பொய்ம்முடி தரித்துக்கொண்டார். அரசரைப் பார்த்து அரண்மனையே பொய்ம்முடிக்கு மாறியது.

கடைசியில் 1942-ஆம் ஆண்டில் துப்பறிபவர் வந்து சேர்ந்தார். அவர் பெயர் ஜேம்ஸ் ஹாமில்டன், அமெரிக்க உடற்கூற்று விஞ்ஞானி. இயற்கையாகவே பருவம் எய்தாமல் நின்றுவிட்டவர்களையும், ஆண்மை நீக்கப்பட்டவர்களையும் அவர் ஆராய்ந்தார். இளமையிலேயே அந்நிலை அடைந்தவர்களின் தலையில் வழுக்கை இல்லை. பிறகு அவர்களில் சிலருக்கு டெஸ்டாஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைக் கொடுத்துப் பார்த்தார். குடும்பத்தில் வழுக்கை உள்ளவர்களுக்கு முடி கொட்டத் தொடங்கியது. மற்றவர்களுக்கு அப்படி நேரவில்லை. மருந்தை நிறுத்தியதும் கொட்டுவதும் நின்றது. ஆனால் போன முடி திரும்பி வரவில்லை. வம்சம், ஹார்மோன், காலம் என்று மூன்று குற்றவாளிகளும் ஒருங்கே அகப்பட்டார்கள். அந்த மனிதர்களின் துர்ப்பாக்கியத்திலிருந்துதான் உலகம் இந்த உண்மையைக் கற்றது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

வம்சம் என்றவுடன், "தாத்தாவைப் பார், அம்மாவைப் பெற்றவரைப் பார்" என்பார்கள். அதில் பாதி உண்மை உண்டு. ஆண் ஹார்மோனை ஏற்கும் உறுப்புக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. மகனுக்கு அது தாயிடமிருந்தே வருகிறது. ஆனால் வேறு பல மரபணுக்களும் இதில் கலந்திருக்கின்றன. அவை தந்தை வழியிலும் வரும். ஆகவே தாத்தா ஒருவரை மட்டும் குற்றம் சாட்டுவது நியாயமில்லை.

அடுத்த அத்தியாயம் டொமினிகன் குடியரசின் ஒரு சிற்றூரில் நடந்தது. பெண் குழந்தைகள் என்று வளர்க்கப்பட்ட சிலர் அங்கே பருவ வயதில் ஆண்களாக மாறினார்கள். டெஸ்டாஸ்டிரோனை அதைவிட வீரியமான இன்னொரு ஹார்மோனாக மாற்றும் நொதி அவர்களுக்குப் பிறவியிலேயே குறைந்திருந்தது. 1974-இல் இதை வெளியிட்ட ஜூலியன் இம்பெராட்டோ-மெக்கின்லி குழுவினர் இன்னொன்றையும் கவனித்தார்கள். அவர்கள் வளர்ந்த பிறகு முன்நெற்றி முடி பின்வாங்கவில்லை. புராஸ்டேட் சுரப்பியும் சிறியதாகவே இருந்தது. அந்த நொதியைத் தடுக்கும் ஃபினாஸ்டரைடு மாத்திரை 1992-இல் அமெரிக்காவில் புராஸ்டேட் வீக்கத்துக்கும், 1997-இல் வழுக்கைக்கும் அனுமதி பெற்றது. ரத்தக் கொதிப்புக்காக வந்த மினாக்ஸிடில், நோயாளிகளின் உடம்பில் வேண்டாத இடத்திலெல்லாம் முடியை வளர்த்தது. 1988-இல் அதுவே தலையில் தடவும் மருந்தாயிற்று.

இவற்றில் எதுவும் மந்திரமல்ல. மயிர்க்கால் ஒரே நாளில் செத்துப் போவதில்லை; ஆண்டுக்கு ஆண்டு சிறுத்து, மெல்லிய பூனை மயிரை முளைக்கவிட்டு, பிறகு ஓய்ந்து போகிறது. சிறுத்து வருவதைப் பிடித்து நிறுத்தலாம்; ஓய்ந்துபோனதை எழுப்புவது அரிது. மருந்தை விட்டால் பழைய கதை தொடரும். மாத்திரையால் சிலருக்குத் தாம்பத்திய வாழ்வில் குறை நேர்வதும் உண்டு. ஆகையால் நெற்றி ஏறத் தொடங்கும்போதே போக வேண்டிய இடம் டாக்டரின் வீடு, தைலக் கடையல்ல.

போகாமல் இருந்துவிடலாம் என்றாலும் குற்றமில்லை. கி.மு. 44-இல் ஸீஸரின் முகத்தைப் பொறித்து நாணயம் அடித்தார்கள். அதிலும் அந்தக் கிரீடம் இருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளாக மறைத்தும் என்ன பயன்? அதன் அடியில் வழுக்கை என்பது உங்களுக்கும் எனக்கும்கூடத் தெரிந்துதானே இருக்கிறது!