நுங்கம்பாக்கத்தில் தேடிய கோள்

பிற விண்மீன்களுக்கும் கோள் உண்டென்று அளந்து பார்த்துச் சொன்ன பழைய அறிவிப்புகளில் ஒன்று, 1855இல் சென்னை நுங்கம்பாக்கம் வானாய்வுக் கூடத்திலிருந்து வந்தது. அதன் தலைவர் கேப்டன் ஜேக்கப் ஆராய்ந்தது 70 ஒபியூக்கி என்னும் இரட்டை விண்மீன். ஆடி மாத முன்னிரவில் மட்டக்களப்பு வாவிக்கரையில் நின்றால் ஏறக்குறைய தலைக்கு மேலே மங்கலாகத் தெரியும். அந்த இரட்டைக்குக் கணித்த பாதைக்கும் அதைக் கண்ட இடத்துக்கும் சிறு வேறுபாடு இருந்தது. காணாத கோளொன்று இழுக்கிறது என்றார் ஜேக்கப். அப்படியொரு கோள் உறுதிப்படவேயில்லை, அளவீட்டுப் பிழை என்றே பின்னர் கருதப்பட்டது. ஆனால் இழுவையைக் கொண்டு கோளைத் தேடும் எண்ணம் சரியானதே. 1995இல் மேயரும் கெலோவும் 51 பெகாசியின் கோளை, அந்த விண்மீனின் ஆட்டத்தை நிறமாலையில் அளந்துதான் கண்டுபிடித்தனர். இப்படிப் பிற விண்மீன்களைச் சுற்றும் கோள்களுக்குப் பெயரும் சூட்டப்படுகிறது: 2019இல் அனைத்துலக வானியல் ஒன்றியம் இலங்கைக்கு ஒதுக்கிய விண்மீனுக்கு ‘சாமய’ என்றும் அதன் கோளுக்கு ‘சமகிய’ என்றும் பெயரிடப்பட்டது.