காலரா: நோய் உண்டாகும் விதம்

காலரா (வாந்திபேதி): விப்ரியோ காலரே என்னும் பாக்டீரியாவால் வரும் குடல் நோய். அசுத்த நீரிலும் உணவிலும் உட்புகும் கிருமிகளில் பெரும்பாலானவை இரைப்பை அமிலத்தில் மடிகின்றன. தப்பியவை சிறுகுடல் சுவரில் ஒட்டிப் பெருகுகின்றன. பொதுவாக அவை சுவரைத் துளைப்பதில்லை, இரத்தத்தில் கலப்பதுமில்லை. ஆளைச் சாய்ப்பது அவை சுரக்கும் நச்சுப் புரதம்தான்.

இந்த நச்சில் ஆறு துண்டுகள். ஐந்து குடல் செல்லைப் பற்றிக்கொள்ள, ஆறாவதன் ஒரு பகுதி உள்ளே போய், சுரப்பைக் கட்டுப்படுத்தும் புரதத்தை ஓயவிடாமல் முடுக்குகிறது. குளோரைடு வெளியேற, பின்னாலேயே நீரும் போகிறது. அரிசி கழுவிய நீர் போன்ற பேதி, கடுமையான நிலையில் மணிக்கு ஒரு லிட்டர் வரை போகும். கண் குழியும், விரல் தோல் சுருங்கும். கவனிக்காவிட்டால் சில மணி நேரத்தில் உயிரே போகலாம்.

ராபர்ட் கோக் 1884இல் கல்கத்தாவில் இக்கிருமியைத் தனியே பிரித்துக் காட்டினார். நச்சை நிறுவ மேலும் 75 ஆண்டுகள் ஆயின. அதே நகரில் சம்பு நாத் டே, கிருமிகளை வடிகட்டி நீக்கிய திரவம் மட்டுமே முயலின் குடலில் நீர் கோக்கச் செய்வதை 1959இல் காட்டினார். வாழ்நாளில் அவருக்குரிய பெருமை கிடைக்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

குளுக்கோஸோடு சேர்த்து சோடியத்தை உறிஞ்சும் வழியை நச்சு கெடுப்பதில்லை. உப்பு–சர்க்கரைக் கரைசல் பலன் தருவது அதனால்தான்.